புதுப்பிப்பு: ஒரே பிள்ளைக்குத் திரும்பத் திரும்ப வரும் ஆஸ்துமா, எந்த மாடல் சரிவந்தது?

மலேசியாவின் பட்டர்வொர்த்தில் ஒரு கிளினிக்கின் பதிவேட்டை வைத்து, ஒரே பிள்ளை பலமுறை ஆஸ்துமாவோடு வருவதை எப்படி ஆராய்வது என்று போன மாதம் கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லாருக்கும் நன்றி.

ஒரு நிகழ்வு எவ்வளவு காலத்தில் வருகிறது என்று ஆராயும் சாதாரண காக்ஸ் மாடல் முதல் வருகையை மட்டும் பார்க்கும், அதனால் அதை விட்டுவிட்டேன். கைகொடுத்தது, பதில் சொன்னவர்களில் ஜார்ஜ் டவுன் அக்கா சொன்ன ஆண்டர்சன்-கில் (1982) முறைதான்; காக்ஸ் மாடலையே எல்லா வருகைகளுக்கும் விரிப்பது அது. ஆர் (R) என்ற புள்ளியியல் மென்பொருளில் ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு வருகையிலிருந்து அடுத்தது வரை தொடக்க நாள், முடிவு நாள் என்று தரவு வரிகளைப் பிரித்து, பிள்ளையின் எண்ணை கிளஸ்டராக, அதாவது ஒரே பிள்ளையின் வரிகள் ஒரு குழு என்று, கொடுத்தேன். கிளஸ்டர் கொடுத்ததால் அபாய விகிதம் (ஒரு காரணி தாக்குதல் வீதத்தை எத்தனை மடங்காக்குகிறது என்பது) மாறவில்லை, அதன் நம்பிக்கை இடைவெளி (மதிப்பீட்டின் நிச்சயமின்மையைக் காட்டும் வரம்பு) மட்டும் நன்றாக விரிந்தது. ஒரே பிள்ளையின் வருகைகள் ஒன்றையொன்று சார்ந்தவை, அதனால் அதுதான் நியாயமான அகலம்.

எதிர்பாராதது ஒன்று. காலையில் நெபுலைசர் பிடித்துவிட்டுப் போன பையன் அன்று இரவே மறுபடி வந்திருக்கிறான். தொடக்கமும் முடிவும் ஒரே தேதி. மென்பொருள் ஓர் எச்சரிக்கை காட்டிவிட்டு அந்த வரியையே விட்டுவிட்டது! அதிகம் அவதிப்படும் பிள்ளைகளின் வரிகள்தான் இப்படி விழுகின்றன, கவனமாகப் பாருங்கள். ஒரே நாள் வருகைகளை ஒரே தாக்குதலாகச் சேர்த்த பிறகு சரியாயிற்று.

அப்புறம், முதல் தாக்குதல், இரண்டாம் தாக்குதல் என்று வரிசைப்படி தனித்தனியாகப் பார்க்கும் பிரெண்டிஸ்-வில்லியம்ஸ்-பீட்டர்சன் (1981) முறையையும் ஓட்டினேன். நான்காம் தாக்குதலுக்கு மேல் பிள்ளைகள் மிகக் குறைவு என்பதால் அங்கேயே நிறுத்திக்கொண்டேன். வார்டில் படுத்திருக்கும்போது பிள்ளை கிளினிக்குக்குப் புதிதாக வர முடியாது, அந்த நாள்களைக் கழிப்பது இன்னும் பாக்கி.