ஃபிளாரன்ஸில் ஒரு செமஸ்டர்: கடன் வாங்கிப் போகும் அளவுக்கு அதில் என்ன இருக்கிறது?

நொய்யல்:
வணக்கம். கோவையில் பி.ஆர்க். (கட்டடக்கலை) மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். எட்டாவது செமஸ்டரை இத்தாலியில், ஃபிளாரன்ஸில் படிக்கக் கல்லூரி மூலம் வாய்ப்பு வந்திருக்கிறது. கட்டணத்தை வழக்கம்போல் இங்கேயே கட்டினால் போதும், ஆனால் விமானம், வாடகை, சாப்பாடு எல்லாம் நாங்கள்தான் பார்த்துக்கொள்ள வேண்டும். அம்மாவின் நகையை அடகு வைத்தாவது அனுப்புகிறேன் என்கிறார் அப்பா. அதுதான் எனக்கு உறுத்துகிறது. அந்தக் கட்டடங்களை எல்லாம் வரலாற்று வகுப்பில் ஸ்லைடில் பார்த்தாயிற்று, பிளான், செக்‌ஷன் வரைந்து மார்க்கும் வாங்கியாயிற்று. ஐந்து மாதம் நேரில் இருந்தால் அதற்கு மேல் என்ன கிடைக்கும்? போய் வந்தவர்கள் உள்ளதைச் சொல்லுங்கள். அங்கே படித்த பாடங்களை இங்கே கணக்கில் சேர்ப்பதில் கிரெடிட் சிக்கல் வருமா என்பதையும்.

மீன்முள்:
போய் வா தங்கச்சி. நான் போய் வந்து ஒன்பது வருடம் ஆகிறது, இன்றும் சைட்டில் நிற்கும்போது அங்கே கற்றதுதான் கைகொடுக்கிறது.

ஃபிளாரன்ஸ் பேராலயத்தின் மேல் கட்டடக் கலைஞர் புருனெல்லெஸ்கி எழுப்பிய குவிமாடத்தை நானும் மனப்பாடம் செய்துகொண்டுதான் போனேன். 1420 முதல் 1436 வரை கட்டியது, உள்விட்டம் ஏறத்தாழ 45 மீட்டர், உள்ளே ஒன்று வெளியே ஒன்று என இரண்டு ஓடு, அதாவது இரண்டு அடுக்குச் சுவர், தரையிலிருந்து சென்டரிங் (தாங்கும் சாரம்) அடிக்காமலே எழுப்பியது. இதெல்லாம் தேர்வில் எழுதியதுதான். ஆனால் அந்த 463 படிகளில் மேற்பகுதி ஏறும்போது நீ போவது இரண்டு ஓட்டுக்கும் நடுவில். போகப் போகச் சுவர் உன் தலைமேல் சாய்ந்துகொண்டே வரும், நீயும் உடம்பைச் சாய்த்துக்கொண்டுதான் ஏற வேண்டும். செங்கல் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும். படுக்கையாக வைத்த வரிசைகளுக்கு நடுவே இடைவெளி விட்டு விட்டுச் செங்கல்லைச் செங்குத்தாக நிறுத்தியிருப்பார்கள், பார்க்க மீன்முள் மாதிரி இருக்கும். சாந்து இறுகும் வரை மற்ற கற்கள் சரியாமல் பிடித்துக்கொள்வது அந்தச் செங்குத்துக் கல்தான். ஸ்லைடில் பார்த்தபோது நான் அதை அலங்காரம் என்று நினைத்திருந்தேன்! எப்படிக் கட்டினார்கள் என்ற கேள்வி எனக்குள் முதன்முதலாக எழுந்ததே அந்தப் படிக்கட்டில்தான்.

ஒன்று மட்டும் கேள். வாராவாரம் ஒரு ஊர் என்று ஓடாதே. என்னோடு வந்தவர்கள் பாரிஸ், பார்சிலோனா என்று சுற்றினார்கள், நானும் முதல் ஒன்றரை மாதம் அதைத்தான் செய்தேன். நிறைய போட்டோ இருக்கிறது, எதுவும் மனதில் தங்கவில்லை. அப்புறம் ஆர்னோ ஆற்றுக்குத் தென்கரையில் இருக்கும் சான்டோ ஸ்பிரிட்டோ தேவாலயத்துக்கே திரும்பத் திரும்பப் போனேன். அதுவும் புருனெல்லெஸ்கி வடிவமைத்ததுதான். தூண்களுக்குப் பக்கவாட்டில் இருக்கும் கட்டங்கள் சதுரம், நடுக்கூடம் அதைப்போல் இரண்டு மடங்கு அகலம். பிராச்சோ என்பது அவர்களுடைய பழைய முழம், ஏறத்தாழ 58 செ.மீ. அந்த முழக் கணக்கில் காலடி வைத்து அளந்து பார், ஒவ்வொரு தூணும் ஏன் அங்கே நிற்கிறது என்று கால் சொல்லும்.

ஏஆர்_பழனி:
கிரெடிட் விஷயம் நான் சொல்கிறேன், இதில் அடிபட்டிருக்கிறேன். அங்கே ஒரு செமஸ்டருக்கு 30 ஐரோப்பிய கிரெடிட் கணக்கு. எந்தப் பாடத்துக்கு எந்தப் பாடம் ஈடு என்று, ஸ்டுடியோவையும் (வடிவமைப்பு வகுப்பு) சேர்த்து, கிளம்பும் முன்பே இரண்டு பல்கலைக்கழகத்திலும் கையெழுத்து வாங்கிவிடுங்கள். "வந்து பார்த்துக்கொள்ளலாம்" என்று எச்.ஓ.டி. வாயால் சொன்னதை நம்பிப் போனேன். திரும்பி வந்ததும் ஸ்ட்ரக்சர்ஸ் பாடத்தை ஏற்க மாட்டோம் என்றார்கள், ஜூனியர்களோடு உட்கார்ந்து மறுபடி எழுதினேன்.

அங்கே இரண்டாம் பருவம் பிப்ரவரி கடைசியிலோ மார்ச்சிலோ தொடங்கும், தேர்வு ஜூன், ஜூலை வரை இழுக்கும். அதற்குள் இங்கே ஒன்பதாவது செமஸ்டர் வந்துவிடும், அதற்கும் இப்போதே எழுத்தில் அனுமதி வாங்குங்கள். பல பாடங்களுக்கு வாய்மொழித் தேர்வுதான். மதிப்பெண் 30-க்கு, 18 வந்தால் தேர்ச்சி. பேராசிரியர் எதிரில் உட்கார்ந்து பேச வேண்டும், ஆகவே கொஞ்சம் இத்தாலிய மொழியும் படித்துவிட்டுப் போங்கள்.

90 நாளுக்கு மேல் தங்குவதால் டி வகை விசா வேண்டும். அங்கே இறங்கி எட்டு வேலைநாளுக்குள் தங்கும் அனுமதிக்குத் தபால் நிலையத்தில் விண்ணப்பிக்க வேண்டும். முதல் வாரம் தூக்கத்திலும் வீடு தேடுவதிலும் போய்விடும், இதை மறந்துவிடாதீர்கள்.

சுதைவேலை:
குவிமாடத்தோடு நின்றுவிட வேண்டாம் நொய்யல். நான் பழைய கட்டடப் பராமரிப்பில் இருக்கிறேன். எனக்கு அந்த ஊர் என்றால் 1966 நவம்பர் 4, ஆர்னோ ஆறு ஊருக்குள் புகுந்த நாள். தண்ணீர் எவ்வளவு உயரம் ஏறியது என்று இன்றும் சுவர்களில் குறித்த கல் பதித்திருக்கிறது. சான்டா குரோச்சே தேவாலயத்தில் பழைய ஓவியர் சிமாபுவேயின் சிலுவை ஓவியம் அன்று பெருமளவு வண்ணம் இழந்தது. அதைச் சரிசெய்தவர்கள் வண்ணம் போன இடத்தில் புதிதாக முகம் வரைந்து ஒட்டவில்லை. மெல்லிய வண்ணக் கோடுகளால் நிரப்பினார்கள், தூரத்தில் கண்ணை உறுத்தாது, கிட்டே போனால் இது பழையது, இது நிரப்பியது என்று தெரிந்துவிடும். பழைய வேலையை எப்படி மதிப்பது என்று அதன் முன்னால் நின்றுதான் கற்றுக்கொண்டேன்.

செலவுக்கு ஒரு வழி: அரசு அருங்காட்சியகங்களுக்கு மாதத்தின் முதல் ஞாயிறு நுழைவு இலவசம். உஃபிஸி ஓவியக்கூடம் திங்கள்கிழமை மூடியிருக்கும். தேவாலயங்கள் பலவும் மதியம் பூட்டிவிடுவார்கள், காலையிலேயே போங்கள்.

நொய்யல்:
எல்லோருக்கும் நன்றி. பழனி அண்ணா, நாளையே எச்.ஓ.டி.யிடம் எழுத்தில் கேட்கிறேன். மீன்முள் அக்கா, எனக்கு ஃப்ரீஹேண்ட் சுமாராகத்தான் வரும். ஸ்டுடியோவில் எல்லாம் கம்ப்யூட்டர்தான். அது பரவாயில்லையா?

மீன்முள்:
பரவாயில்லை, படம் அழகாக வர வேண்டியதே இல்லை. சின்ன ஸ்கெட்ச்புக், 2பி பென்சில், ஐந்து மீட்டர் டேப், இவ்வளவு போதும். சான் மார்கோ மடத்தில் துறவிகள் தங்கிய ஒவ்வோர் அறையிலும் ஓவியர் ஃபிரா ஆஞ்சலிகோவும் அவரோடு வேலை செய்தவர்களும் ஒரு சுவரோவியம் வரைந்திருக்கிறார்கள். முதலில் அங்கே போ. ஓர் அறையை எடுத்துக்கொண்டு, ஜன்னல் எங்கே, ஓவியம் எங்கே, வெளிச்சம் எந்தப் பக்கம் விழுகிறது என்று மட்டும் வரை. வரைந்ததும் இங்கே போடு, பார்க்கிறேன். நகைக் கடன் பற்றி அப்பாவிடம் நான் பேச வேண்டுமென்றால் சொல், என் வீட்டிலும் அப்படித்தான் அனுப்பினார்கள்.