ஸ்மார்ட் பற்றரி சாஜர்: ஒரு சொல்லா, இரண்டு சொல்லா?

பொருள்: ஸ்மார்ட் சாஜர் – சொல் தேவை
(வெள்ளவத்தையிலிருந்து)

அன்பின் குழுவினருக்கு,
பயனர் கையேடு ஒன்றுக்குச் சொல் வேண்டும். சாஜருக்கு ‘மின்னேற்றி’ நிலைத்துவிட்டது. அதைத் தொட வேண்டாம். முன்னால் நிற்கும் ‘ஸ்மார்ட்’தான் சிக்கல். திறன்பேசியின் வழியில் ‘திறன் மின்னேற்றி’ என்று முன்மொழிகிறேன்.

மறுமொழி 1
(தெஹிவளையிலிருந்து)

> திறன் மின்னேற்றி

இது சரிவராது. வாற்றில் அளப்பதை நாங்கள் ‘வலு’ என்று படித்தோம். தமிழகத்தில் அதற்குப் பெயரே ‘திறன்’. அங்குள்ளவர் இதைப் பார்த்தால் வாற்று கூடிய சாஜர் என்றுதான் விளங்கிக்கொள்வார். ‘ஸ்மார்ட்’டுக்குச் சிலர் சொல்லும் ‘சூட்டிகை’யைப் பிள்ளைகளுக்கு விட்டுவிடுவோம்.

கருவி என்ன செய்கிறதோ அதையே சொல்லாக்கலாம். பழைய ட்ரான்ஸ்போமர் சாஜர் 12 வோல்ற்று ஈய அமிலப் பற்றரியைக் கழற்றும்வரை ஏற்றிக்கொண்டே இருக்கும். 15 வோல்ற்றைத் தாண்டியும் விடாது. தண்ணீர் வற்றும், தகடு கெடும். புதியது அப்படியல்ல. முதலில் மின்னோட்டத்தை மாறாமல் கொடுக்கும். 14.4 வோல்ற்றை எட்டியதும் அந்த அளவிலேயே பிடித்துக்கொண்டு, ஓட்டம் தானாகக் குறைய இடம்விடும். ஓட்டம் நன்றாகக் குறைந்தபின் 13.5–13.8 வோல்ற்றுக்கு இறங்கி நிற்கும். ஆகவே ‘படிமுறை மின்னேற்றி’. மூன்று படிகளுக்கும் முதலேற்றம், நிறைவேற்றம், பேணேற்றம்.

மறுமொழி 2
(கொட்டாஞ்சேனையிலிருந்து)

> நிறைவேற்றம்

சபையில் தீர்மானம் நிறைவேறியது போல இருக்கிறது! ‘நிரப்பேற்றம்’ என்றால் குழப்பமில்லை. பேணேற்றம் அருமை, வைத்துக்கொள்வோம்.

ஆனால் ‘படிமுறை’ கார் பற்றரி சாஜருக்கே பொருந்தும். புறக்கோட்டையில் நான்கு குழியோடு விற்கிறார்களே, ஏஏ, ஏஏஏ, 18650 என்ற இலிதியம் அயன் கலம் எல்லாம் ஒன்றிலேயே போடலாம் என்று, அதன் கெட்டித்தனம் வேறு. போட்ட கலம் எது என்று பார்த்துத் தானே ஏற்றுமுறையைத் தெரிவுசெய்கிறது. நிக்கல் கலமென்றால், நிரம்பும் தறுவாயில் வோல்ற்றளவு சில மில்லிவோல்ற்று சரிவதைக் கண்டு நிறுத்தும். இலிதியம் அயன் என்றால் 4.2 வோல்ற்றில் பிடிக்கும். இதற்குக் ‘கலமறி மின்னேற்றி’ எனலாம். இரண்டு கருவி, இரண்டு சொல்.

மறுமொழி 3
(தெஹிவளையிலிருந்து)

இரண்டு சொல்லுக்குச் சம்மதம். ‘கலமறி’யில்தான் தயக்கம். அது அறிவதில்லை, ஊகிக்கிறது. 14500 இலிதியக் கலமும் ஏஏ கலமும் ஒரே பருமன், ஒரே நீளம். சாஜருக்குக் கிடைக்கும் அடையாளம் பெரும்பாலும் வோல்ற்றளவுதான். அடியோடு இறங்கி 1.2 வோல்ற்றில் கிடக்கும் இலிதியத்தை நிக்கல் என்று எடுத்துவிடலாம். இலிதியம் இரும்பு பொஸ்பேற்றுக் கலம் 3.6 வோல்ற்றில் நிற்க வேண்டும். பல சாஜர்களில் அதை நாமே சுவிட்சில் மாற்றாவிட்டால் 4.2 வரை தள்ளிவிடும். ‘கலமறி’ என்று பெட்டியில் அச்சடித்தால் வாங்குபவர் அந்தச் சுவிட்சைத் திரும்பியும் பார்க்கமாட்டார். ‘கலமூகி’ நாவுக்கு இடறுகிறது, ஆனால் பொய் சொல்லவில்லை.

நிக்கலில் இன்னொன்று. 2000 மில்லி அம்பியர்மணி கொள்ளளவுள்ள கலத்தை 200 மில்லி அம்பியரில் ஏற்றினால் அந்தச் சரிவு தென்படாமலே போகலாம். மெதுவாக ஏற்றினால் நல்லது என்ற நம்பிக்கை இங்கே பிழையாகும். 1 அம்பியர் அளவில் ஏற்றினால் சரிவு தெளிவாகத் தெரியும்.

மறுமொழி 4
(வெள்ளவத்தையிலிருந்து)

கலமூகி வேண்டாம், விற்பவர் வாயில் நுழையாது. ‘கலமறி’யை வைத்துக்கொண்டு, சுவிட்சுக்குக் ‘கலத்தெரிவு’ என்று பக்கத்திலேயே எழுதிவிடுகிறேன்.

பற்றரியின் கொள்ளளவுக்கு ஏற்ற ஓட்டத்தையும் கையேடு சொல்ல வேண்டும். ஈய அமிலத்துக்கு அம்பியர்மணியில் பத்தில் ஒரு பங்கு என்பது பொதுக்கணக்கு: 35 அம்பியர்மணி கார் பற்றரிக்கு 3.5 அம்பியர், 100க்கு 10. யூபிஎஸ்ஸில் இருக்கும் 7 அம்பியர்மணிப் பற்றரியின் உடம்பிலேயே தொடக்க ஓட்டம் 2.1 அம்பியரைத் தாண்டக்கூடாது என்று பெரும்பாலும் போட்டிருக்கும். கார் பற்றரிக்கு வாங்கிய 10 அம்பியர் சாஜரை 5 அம்பியர்மணி மோட்டார் சைக்கிள் பற்றரியில் பூட்டினால் கொதித்து வாயு கக்கும். மறுபக்கம், 4 அம்பியர் சாஜரை 100 அம்பியர்மணியில் போட்டால் ஒரு நாளுக்கு மேல் எடுக்கும். பாதுகாப்பு நேரம் கடந்துவிட்டதென்று சில சாஜர்கள் பிழைவிளக்கை எரியவிடும். பழி பற்றரி மேல் விழும்! ஆகவே ‘ஓட்டத்தெரிவு’ பொத்தான் உள்ளதையே வாங்கச் சொல்வேன்.

மறுமொழி 5
(கொட்டாஞ்சேனையிலிருந்து)

வெப்பநிலையை விடவேண்டாம். 14.4 என்பது 25 பாகைக்குரிய அளவு. 12 வோல்ற்றுப் பற்றரியில் அதற்கு மேல் ஏறும் ஒவ்வொரு பாகைக்கும் ஏறத்தாழ 20 மில்லிவோல்ற்று குறைக்க வேண்டும். கொழும்பில் 32 பாகை என்றால் 14.26 போதும். அதைத் தானே செய்வது ‘வெப்ப ஈடு’.

பழுதுநீக்கும் பொத்தானுக்கு ‘மீட்பேற்றம்’ பொருந்தும். அது 15 வோல்ற்றுக்கு மேல் துடிப்பாக அடிக்கும். பற்றரியை வாகனத்திலிருந்து கழற்றியபின்பே, அதுவும் ஈய அமிலத்துக்கு மட்டுமே. இலிதியத்துக்குப் பேணேற்றமும் தேவையில்லை. அதை நிறுத்தும் பொத்தானுக்கு ஒரு சொல் வேண்டுமே. ‘பேணாநிலை’ என்றால் கவனியாமல் விட்டது போலத் தொனிக்கிறது. வேறு யாரிடமாவது இருக்கிறதா?