தச்சநல்லூர் வீட்டு குரூப்

செல்வி: நாளைக்கும் மழை லீவு விட்டாச்சு. எலக்ட்ரீசியன் படிக்கிற பிள்ளைகளுக்கு, மோட்டாரை ஓட விடுத டிஓஎல் ஸ்டார்ட்டர் வயரிங் ஜூம்லதான் எடுக்கணும். முத்து சித்தப்பா, போனை எங்க வைக்க?

மாரி அத்தான்: குறுக்குத்துறை கோயில் முங்கிட்டாம்லா

பேச்சி அத்தை: யாரும் ஆத்துப் பக்கம் போகாதிய

முத்து சித்தப்பா: செல்வி, தொழில் படிக்கிற பிள்ளைக்கு ஒன் மூஞ்சி வேண்டாம், கைதான் தெரியணும். லேப்டாப்ல நீ பேசு. போனை ஸ்டார்ட்டருக்கு நேர் மேல ஒண்ணரை அடி ஒசரத்துல, பின்பக்கக் கேமரா கீழ பாக்க வை. அதே மீட்டிங்ல போன் சேரும்போது ஆடியோவே குடுக்காத. மைக்கை மட்டும் அமத்துனா பத்தாது, போன் ஸ்பீக்கர் சத்தத்தை லேப்டாப் மைக் எடுத்து ஊளையிடும். பெறவு போன் படத்தை ஸ்பாட்லைட் போடு, எல்லாருக்கும் பெருசாத் தெரியும். ‘பின்’ (pin) பண்ணுனா ஒனக்கு மட்டுந்தான் பெருசாத் தெரியும்.

செல்வி: ட்ரைபாட் இல்லையே

முத்து சித்தப்பா: வளைகாப்புக்கு மாரிதான் வாங்கிட்டுப் போனான்

மாரி அத்தான்: அப்பவே குடுத்தாச்சு மாமா

பேச்சி அத்தை: ஆருகிட்டல குடுத்த?

முத்து சித்தப்பா: அது கெடக்கட்டும். ரெண்டு பக்கமும் புத்தகத்தை அடுக்கி, குறுக்க ரெண்டு மரஸ்கேல் போட்டு அது மேல போனை வை. ஸ்க்ரூ முறுக்குனதும் கையை எடுத்துட்டு ரெண்டு செகண்ட் பொறு. கை உள்ள இருந்தா ஃபோகஸ் கையிலயே நிக்கும், டெர்மினல் நம்பர் மங்கிரும்.
இன்னொண்ணு. ஸ்டார்ட்டருக்குள்ள இருக்க காந்த சுவிட்ச், அதான் கான்டாக்டர், ‘டக்’னு பிடிக்குத சத்தம் பிள்ளைகளுக்குக் கேக்கணும். ஜூம் அதை எரைச்சல்னு வெட்டிரும். ஒரிஜினல் சவுண்டைப் போட்டுக்க. ‘ங்ங்’னு விடாம எரைஞ்சா அதோட இரும்புக் கோர்ல தூசி இருக்கும், இல்லைன்னா கோர்ல பதிச்ச ஷேடிங் ரிங்ங்கிற வளையம் ஒடைஞ்சிருக்கும். காதால கேட்டாத்தான் பிடிபடும்.

செல்வி: சரி சித்தப்பா

மாரி அத்தான்: வெல்டிங்குக்கும் இதேதானா?

முத்து சித்தப்பா: ஆர்க் வெளிச்சத்துக்குக் கேமரா மத்த எல்லாத்தையும் இருட்டாக்கிரும். லென்ஸுக்கு முன்னால 10, 11 நம்பர் கருப்புக் கண்ணாடி வைக்கணும். அதை முன்னாலயே வீடியோ எடுத்து, நிறுத்தி நிறுத்திக் காட்டுததுதான் நல்லது.
செல்வி, பட்டனை விட்டாலும் கான்டாக்டரைப் பிடிச்சு வைக்குத 13-14 நம்பர் டெர்மினல் ஹோல்ட்-ஆன் வயரை வேணும்னே விட்டுட்டு ஓட்டிக் காட்டு. பச்சைப் பட்டனை அமத்துனா ஓடும், விட்டா நிக்கும். ஏன்னு அவனுவளே சொல்லட்டும். ஆனா பிள்ளைய அவனவன் வீட்ல ஒருத்தனும் கரண்ட் சப்ளை குடுக்கக் கூடாது. மல்டிமீட்டர்ல கன்டினியூட்டி, அதான் வயர் இணைப்பு விடாம இருக்கான்னு பாத்து போட்டோ அனுப்பச் சொல்லு. இதை ரெண்டு தடவை சொல்லு.

செல்வி: ஃப்ரீ கணக்குல 40 நிமிஷத்துல கட் ஆயிருமே

முத்து சித்தப்பா: ரெண்டு மீட்டிங்கா போடு. மொதல்ல டயக்ராம், அடுத்து வயரிங்.

மாரி அத்தான்: இசக்கி பணம் கட்டி வச்சிருக்கான்லா

செல்வி: அவன்கிட்ட நான் கேக்க மாட்டேன்

பேச்சி அத்தை: நான் கேக்கேன். பீரோ மேல ஒரு நீளப்பை கெடக்கு, அதுவா பாரு

செல்வி: அது கொடை அத்தை. 10 மணிக்கா 10.30-க்கா போட?

மாரி அத்தான்: மொதல்ல கரண்ட் இருக்கான்னு பாப்போம்