அன்றாடத் தொல்லைகளில் நம்பிக்கையோடு பொறுத்திருக்க வழி சொல்லுங்கள்

வணக்கம் அக்கா, அண்ணன்மாரே. நான் ரங்கூனில் இருக்கிறேன். 2025 மார்ச் 28 நிலநடுக்கத்தில் மண்டலேயில் தம்பியின் வீடு விரிசல் விட்டது. அன்றிலிருந்து அவன் குடும்பமும் எங்களோடுதான். அந்தப் பெரிய துன்பத்தில் கடவுள் கூடவே இருந்தார், அதில் சந்தேகமே இல்லை. இப்போது சின்னச் சின்னக் கஷ்டங்களில்தான் மனம் தளர்கிறது. கரண்ட் போனால் மோட்டார் ஓடாது, தண்ணீர் ஏறாது. அரிசி விலை வேறு. தம்பிக்கு இன்னும் நிலையான வேலை அமையவில்லை. விளக்கேற்றும்போது வரும் அமைதி அடுப்படிக்குள் போனதும் கலைந்துவிடுகிறது.

அப்பர் என்கிற திருநாவுக்கரசரின் அக்கா திலகவதியாரை அடிக்கடி நினைக்கிறேன். அவருடைய தம்பி சமணத்துக்குப் போய்விட்டார். அக்காவோ திருவதிகைக் கோயிலைப் பெருக்கி, மெழுகி, பூப்பறித்து மாலை கட்டியபடி அவருக்காக வேண்டிக்கொண்டே இருந்தார். சூலை என்னும் கடும் வயிற்று வலியோடு தம்பி திரும்பி வந்தபோது திருநீறு கொடுத்ததும் அவர்தான். காத்திருந்த காலம் முழுக்க அவர் கையில் ஒரு தொண்டு இருந்தது. எனக்கு அதுதான் பெரிதாகப் படுகிறது.

உங்கள் வீட்டில் இப்படிப்பட்ட நாட்களை எப்படிக் கடக்கிறீர்கள்? வேலைக்கு நடுவே சொல்லும் சிறிய வேண்டுதல், பிள்ளைகளும் சேர்ந்து செய்யக்கூடிய தொண்டு, எதுவானாலும் எழுதுங்கள். எந்த மதத்தவரானாலும் சரி. அப்புறம், ரங்கூனில் வெள்ளிக்கிழமை கூட்டு வழிபாடு நடக்கும் இடம் தெரிந்தால் சொல்லுங்கள், அம்மாவையும் கூட்டிக்கொண்டு வருகிறேன்.