டோக்கியோ அடுக்ககத்தில் குக்கர் விசில்

ஜப்பானில் வாழும் தமிழர்கள் அனுபவம் பகிரும் இந்தக் குழுவில், அண்டை வீட்டாருடன் ஒரு வார்த்தை பேசவே வாய்ப்பு அமையவில்லை என்று இருவர் எழுதியிருக்கிறார்கள். எங்களுக்கும் தொடக்கத்தில் அப்படித்தான் இருந்தது.

2018இல் டோக்கியோவின் எடோகாவா வார்டில் உள்ள நிஷிகசாய்க்குக் குடிவந்தோம். 2000ஆம் ஆண்டுக் கணினிச் சிக்கலைச் சரிசெய்ய வந்த இந்தியப் பொறியாளர்கள், தோசாய் ரயிலில் அலுவலகம் போய்வர எளிது என்பதாலும், ஜாமீன்தாரரோ ‘ரெய்கின்’ என்னும் திரும்பக் கிடைக்காத முன்பணமோ கேட்காத பொதுத்துறை அடுக்ககங்கள் பக்கத்திலேயே இருந்ததாலும் தங்கத் தொடங்கிய பகுதி அது. எங்களுக்கு அவற்றில் இடம் கிடைக்காததால், ஒரு மாத வாடகையை ரெய்கினாகக் கொடுத்துத் தனியார் கட்டடம் ஒன்றின் நான்காம் மாடியில் குடியேறினோம்.

மூன்றாம் மாதம் லிஃப்ட் அருகே ஒரு தாள் ஒட்டப்பட்டிருந்தது. அதிகாலையில் ஓசை எழாமல் பார்த்துக்கொள்ளுமாறு குடியிருப்போர் அனைவரையும் பணிவுடன் கேட்டுக்கொண்ட அறிவிப்பு. யாரோ சத்தம் போடுகிறார்கள் போலும் என்று நினைத்துக் கடந்து போனேன். இரண்டு வாரம் கழித்து அதே இடத்தில் இன்னொரு தாள் வந்தது. இம்முறை அது எப்படிப்பட்ட ஓசை என்பதையும் ‘பீ...’ என்று எழுதியிருந்தார்கள். கைப்பேசியில் மொழிபெயர்த்துப் படித்துக்கொண்டிருந்த எனக்கு அப்போதுதான் உறைத்தது: காலை ஐந்தரை மணிக்குப் பருப்பு வேகவைக்கும் வீடு அந்தக் கட்டடத்தில் எங்களுடையது ஒன்றுதான். பெயர் சொல்லாமல், கதவைத் தட்டாமல், ஊருக்கே பொதுவாக ஒரு தாளை ஒட்டிக் குற்றவாளிக்குச் செய்தி சேர்ப்பித்த அந்த முறை அன்று எனக்குப் பிடிக்கவில்லை. நேரில் சொல்லியிருந்தால் முதல் நாளே நிறுத்தியிருப்போம் என்ற வருத்தம் இன்றும் கொஞ்சம் உண்டு.

இனிப்புப் பெட்டி ஒன்றை வாங்கிக்கொண்டு, பக்கத்து வீட்டில் தனியாக வசிக்கும் மூதாட்டியிடம் மன்னிப்புக் கேட்கப் போனோம். கதவோரம் ஒரு முதுகுப்பை இருந்தது. தண்ணீர், டார்ச், மருந்து, வானொலி என்று நிலநடுக்கத்துக்காகத் தயாராக வைத்திருக்கும் பை. எங்கள் விசிலைக் கேஸ் கசிவு எச்சரிக்கை என்று எண்ணி இரண்டு முறை அந்தப் பையோடு தாழ்வாரத்தில் வந்து நின்றதாக அவர் சொன்னபோது, என் மனைவிக்குப் பேச்சு எழவில்லை. மறுநாளே குக்கரைத் தூக்கிக்கொண்டு போய்க் காட்டினோம். மூடிமேல் இருக்கும் விசில் வெயிட்டைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டு, “இவ்வளவுதானா?” என்று சிரித்தார். அதன்பின் ஏழு மணிக்கு முன் நாங்கள் குக்கர் வைத்ததில்லை.

2019 அக்டோபர் 12, சனிக்கிழமை, பெரும்புயல் நெருங்கிக்கொண்டிருந்தது. தலைநகர் வட்டாரத்தின் ரயில்களை முன்னறிவிப்புடன் நிறுத்தியிருந்தார்கள். அன்று காலை முதன்முறையாக எங்கள் அழைப்புமணியை அடித்தவர் அந்த மூதாட்டிதான். கையில், மே மாதம் வார்டு வெளியிட்டிருந்த வெள்ள அபாய வரைபடம். எடோகாவாவின் நிலப்பரப்பில் ஏறத்தாழ 70 விழுக்காடு ஓதம் ஏறும்போது கடல் நீர்மட்டத்துக்குக் கீழே இருப்பதால், அதன் அட்டையிலேயே ‘இங்கே இருக்கக் கூடாது’ என்று அச்சிட்டிருந்தார்கள். எங்களுக்கும் வந்திருக்க வேண்டிய பிரதிதான். விளம்பரத் தாள்களோடு சேர்த்து எறிந்திருப்போம். குளியல் தொட்டியை நிரப்பி வைக்கச் சொன்னார், பால்கனியில் இருந்த செடிகளை உள்ளே எடுக்கச் சொன்னார், பிறகு எங்கள் வீட்டு வாசலை எட்டிப் பார்த்து, “உங்கள் பை எங்கே?” என்று கேட்டார். பை இல்லை. அவர் போய் ஒரு பழைய முதுகுப்பையைக் கொண்டுவந்து கொடுத்தார்.

இதற்கு ஒசாகாவிலிருந்து குழு உறுப்பினர் ஒருவர் எழுதிய மறுமொழி: எங்கள் ஊரில் தாளெல்லாம் ஒட்டுவதில்லை. இங்கேயும் விசில் கதைதான்; கீழ்வீட்டு அம்மாள் மூன்றாம் நாளே நேரில் ஏறி வந்து, அது என்ன சத்தம் என்று கேட்டார். விளக்கம் முடிந்ததும் கைப்பையைத் திறந்து, இந்த ஊர் மாமிகளின் வழக்கப்படி, என் மகளின் உள்ளங்கையில் இரண்டு மிட்டாய் வைத்துவிட்டு, சாம்பாரில் என்ன போடுவீர்கள் என்று அரைமணி நேரம் விசாரித்தார்.