பொருள்: "கருக்காப்பு நீர்" வேண்டாமே

ஐயா, வணக்கம்.

> புரோஜெஸ்டிரோனுக்குக் "கருக்காப்பு நீர்" என்று வைக்கலாம். கேட்டதும் புரியும்.

கேட்டதும் புரிவதுதான் எனக்குச் சங்கடம். இங்கே மொரீஷியஸில், ரோஸ்ஹில்லில் அம்மாக்களுக்காக எழுதும் கையேட்டில் அந்தச் சொல் வந்தால், இந்த ஹார்மோன் மருந்து போட்டால் கரு நிச்சயம் நிற்கும் என்றே எடுத்துக்கொள்வார்கள். ஆய்வு அப்படிச் சொல்லவில்லை.

பர்மிங்ஹாம் பல்கலைக்கழகத்தின் அரி குமாரசாமி தலைமையில் பிரிட்டனிலும் நெதர்லாந்திலும் நடந்த ஆய்வின் முடிவு 2015இல் வந்தது. காரணம் தெரியாமல் மூன்று முறையோ அதற்கு மேலோ கரு கலைந்த 836 பெண்கள். ஒரு சாராருக்கு 400 மில்லிகிராம் மருந்து தினம் இரு வேளை, மறுசாராருக்கு மருந்தே இல்லாத மருந்துப்போலி. குழந்தை உயிரோடு பிறந்தது முதல் சாராரில் 65.8 சதவீதம், மற்றதில் 63.3. தற்செயலாகவே வரக்கூடிய வித்தியாசம். (ஆய்வுக்கு வைத்த பெயரோ ‘ப்ராமிஸ்’, அதாவது வாக்குறுதி!)

2019இல் அதே குழு ‘ப்ரிஸம்’ ஆய்வை வெளியிட்டது. கர்ப்பத்தின் தொடக்கத்தில் இரத்தக்கசிவு கண்ட 4,153 பேர். மொத்தத்தில் குழந்தை உயிரோடு பிறந்தது மருந்து எடுத்தவர்களில் 75 சதவீதம், மருந்துப்போலியில் 72; பெரிய வித்தியாசமில்லை. ஆனால் கசிவோடு, முன்பு மூன்று முறையாவது கலைந்தவர்களில் மருந்தோடு 72 சதவீதம், மருந்துப்போலியோடு 57. ஆக, சிலருக்கு உதவுகிறது. "கருக்காப்பு" என்ற பெயரோ எல்லாருக்கும் வாக்குக் கொடுக்கிறது. ஸ்டில்பெஸ்ட்ரால் என்ற செயற்கை ஹார்மோனின் கதை தெரியும்தானே? கருவைக் காக்கும் என்று நம்பிக் கொடுத்தார்கள். பயனில்லை என்று 1953லேயே சிகாகோ ஆய்வு காட்டியும் நிறுத்தவில்லை. 1971இல்தான் அதை எடுத்த தாய்மாரின் மகள்களுக்கு வந்த புற்றுநோய் தெரியவந்தது.

மருந்துக்குப் புரோஜெஸ்டிரோன் என்றே இருக்கட்டும். இங்கே பலரும் அதன் வணிகப் பெயரான ‘யூட்ரோஜெஸ்தான்’ பெட்டியைக் காட்டித்தான் கேட்கிறார்கள்.

நோய்க்குத் "தொடர் கருச்சிதைவு" என்கிறீர்கள். நடுவில் ஒரு குழந்தை பிறந்திருந்தால் தொடர் அறுந்துவிடுமே? பிரிட்டிஷ் மகப்பேறு மருத்துவர் கல்லூரி 2023இல் கருச்சிதைவுகள் அடுத்தடுத்து வர வேண்டியதில்லை என்று வரையறையை மாற்றிவிட்டது. "மீள் கருச்சிதைவு" எப்படி?

---

அக்கா,

மருந்தின் பெயரை அப்படியே விடுவது சரி. ஆனால் "மீள்" என்றால் எங்கள் மாணவர்கள் மீட்சி, மீண்டு வருதல் என்று நினைப்பார்கள். "பன்முறைக் கருச்சிதைவு" போடலாம். முதல் இடத்தில் மட்டும் பக்கத்திலேயே "ஃபோஸ்கூஸ்" என்று கிரியோலில் கொடுங்கள், பாட்டிமார் வரை புரிந்துகொள்வார்கள். "கருக்கலைப்பு" எங்கும் நுழையாமல் பார்த்துக்கொள்ளுங்கள், அது வேண்டுமென்றே செய்வது.

---

பன்முறை நன்றாகவே இருக்கிறது. எடுத்துக்கொள்கிறேன்.