மஸ்லின் என்னும் பெயர்: மோசுலா, மசூலிப்பட்டினமா?

கடலோடி:
ஒளி ஊடுருவும் மெல்லிய பருத்தித் துணிக்கு வழங்கும் ‘மஸ்லின்’ என்ற பெயர் ஈராக்கின் மோசுல் நகரிலிருந்து வந்ததாக அகராதிகள் எழுதிவருகின்றன. இதை நான் ஏற்கவில்லை. முதல் நூற்றாண்டைச் சேர்ந்த ‘எரித்திரியக் கடல் பெரிப்ளஸ்’ என்ற கிரேக்கப் பயண நூல், நம் கிழக்குக் கடற்கரையின் ‘மசலியா’ பகுதியில் மஸ்லின் மிகுதியாக நெய்யப்பட்டதாகக் கூறுகிறது. இரண்டாம் நூற்றாண்டுப் புவியியலாளர் தாலமி ‘மைசோலியா’ என்று சுட்டுவதும் அப்பகுதியையே. மசூலிப்பட்டினம் அங்கேதான் இருக்கிறது. துணியும் ஒலியும் ஓரிடத்தில் பொருந்தி நிற்கையில் மோசுலைத் தேடிப் போவானேன்?

இழையோன்:
நீங்கள் காட்டுவது ஆங்கில மொழிபெயர்ப்பு. கிரேக்க மூலத்தில் அவ்விடத்தில் உள்ள சொல், மெல்லிய துணிகள் என்று பொருள்படும் ‘சிந்தோனெஸ்’. மொழிபெயர்த்தவர் தம் காலத்தில் பழகிய சொல்லை அங்கே இட்டார். உறையூர் என்று அறிஞர் பலர் கருதும் ‘அர்கரு’வின் துணியையும், எல்லாவற்றிலும் உயர்ந்ததாகப் பாராட்டப்படும் கங்கைக் கரைத் துணியையும் அந்நூல் அதே சொல்லால்தான் குறிக்கிறது. ஆகவே, அக்கடற்கரையில் நுண்ணிய துணி நெய்யப்பட்டதற்கு அந்நூல் உறுதியான சான்று; ‘மஸ்லின்’ என்ற பெயர் அங்கே பிறந்ததற்கு அதில் ஒரு சொல்கூட இல்லை. மறுபுறம், அரபியில் ‘மவ்சிலி’ என்றால் மோசுலைச் சேர்ந்தது என்று பொருள். அதிலிருந்து இத்தாலிய ‘முசொலினா’, பிரெஞ்சு ‘மூஸ்லின்’, பிறகு ஆங்கில வடிவம் என்று வழி தெளிவாகச் செல்கிறது.

கடலோடி:
வழி தெளிவு என்கிறீர்கள்; பொருள் இடறுகிறதே! 13ஆம் நூற்றாண்டின் மார்க்கோ போலோ, மோசுலில் செய்யப்படும் ‘மொசோலின்’ என்பது பொன்னும் பட்டும் கொண்ட துணி என்கிறார். பொன்னிழைப் பட்டு எங்கே, மெல்லிய பருத்தி எங்கே? கோழிக்கோடு ‘காலிகோ’ என்ற பெயரைத் தந்ததுபோல, துணியை ஏற்றுமதி செய்த துறைமுகம் அதற்குப் பெயர் தருவது இயல்பு.

இழையோன்:
அதே பத்தியில் போலோ, மோசுல் வணிகர்களையும் அப்பெயராலேயே குறித்து, அவர்கள் வாசனைப் பொருள்களைப் பெருமளவில் கொண்டுசென்று விற்றதாகவும் எழுதுகிறார். விற்பவரின் ஊர்ப்பெயர் அவர் கைமாற்றிய சரக்குகளுக்கெல்லாம் பரவுவதில் வியப்பில்லை. ஆங்கிலேயர் மசூலிப்பட்டினத்தில் பண்டகசாலை அமைத்தது 1611இல்; அதற்கு முந்நூறு ஆண்டுகள் முன்னரே இச்சொல் ஐரோப்பிய ஏட்டில் ஏறிவிட்டது. அத்துறைமுகம் பெயர் பெற்றதும் கலம்காரி போன்ற வண்ணத் துணிகளால்தான்.

நூல்நோக்கி:
ஒன்றைச் சேர்க்க விரும்புகிறேன். டாக்கா வட்டாரத்தில் மேக்னா ஆற்றங்கரையில் விளைந்த குட்டை இழைப் பருத்தியை, காற்றில் ஈரம் மிகுந்த விடியலிலும் அந்தியிலும் நூற்றார்கள். வெயில் ஏறினால் இழை அறுந்துவிடும். இத்தனை பாடுபட்டவர்கள் அத்துணியை ‘மஸ்லின்’ என்று அழைக்கவில்லை. அவர்களுக்கு அது மல்மல். நம் ‘மல் வேட்டி’யில் இருப்பதும் அச்சொல்லே. உயர்ந்த வகைகளுக்கு ஓடும் நீர் என்று பொருள்படும் ‘ஆப்-இ-ரவான்’, பனித்துளி என்று பொருள்படும் ‘ஷப்னம்’ என்ற பெயர்கள் இருந்தன. எனவே ‘மஸ்லின்’ என்பது வாங்கியவர்கள் இட்ட பெயர். அதை நெய்த ஊரில் தேடுவதைவிட விற்ற சந்தையில் தேடுவதே முறை.

கடலோடி:
வாங்கியவர் இட்ட பெயர் என்பதை ஏற்கிறேன். பெரிப்ளஸை இனிப் பெயருக்குச் சான்றாகக் காட்டமாட்டேன். ஆயினும், பட்டைக் குறித்த சொல் எப்போது, யார் வாயிலாகப் பருத்திக்கு மாறியது என்பதற்கு இத்திரியில் எவரும் ஆவணம் காட்டவில்லை. அந்த இடைவெளியை ஊகத்தால் நிரப்பாதீர்கள்.

இழையோன்:
நியாயமான கோரிக்கை. தேட வேண்டிய இடம் இத்தாலிய வணிகர்களின் பழைய சரக்குக் கணக்குகள்.